பழைய தபால் கார்டுகள்

கஞ்சிக்கோடு பாலக்காட்டுக் கணவாயில் உள்ள ஊர். இங்கே தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. வந்த கார்டுகளைக் கம்பியில் குத்தி மாட்டுவது பழைய வழக்கம்.

இந்தியாவில் தபால் கார்டு 1879 ஜூலை 1 அன்று வந்தது. விலை காலணா. எழுத்துத் தெரியாதவர்கள் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வீட்டு விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும்! இன்று படிக்கக் கற்றவர் அப்பா எழுதிய அதே கார்டைத் தாமே படிக்கலாம். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும்.

ஆனால் கம்பி துருப்பிடிக்கும். துரு கார்டைத் தின்னும். ஜூன் மாதம் மழை தொடங்கும். ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சி அரிக்கும்.

கம்பியிலிருந்து கார்டுகளை மெதுவாகக் கழற்ற வேண்டும். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, மை கரைந்துவிடும். நிழலில் உலர்த்தலாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது. அது பழுத்துக் கறையாகும். லாமினேஷனும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைக்கலாம். பெட்டி தரையிலும் சுவரிலும் படக் கூடாது. அடுப்படியும் ஆகாது.

சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துவிடுவார்கள். அதனால் பெட்டியில் கல்யாணத் தேதி இருக்கும். தாத்தா இறந்த தேதி இருக்காது. தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு, அதை ஒரு தாளில் எழுதிக் கார்டுகளோடு வைக்கலாம்.