40-15: ஒரு விம்பிள்டன் கணக்கு

2019 ஜூலை 14. நம்மில் பாதிப் பேர் அன்னைக்கு லார்ட்ஸ்ல நடந்த வேர்ல்ட் கப் ஃபைனல், சூப்பர் ஓவர்னு டிவி முன்னாடி உட்கார்ந்திருப்போம். அதே நாள், அதே லண்டன்ல, விம்பிள்டன் சென்டர் கோர்ட்ல ஃபைனலோட ஐந்தாவது செட் ஓடிட்டு இருந்தது. ஃபெடரர் 8-7 முன்னிலை. செர்வ் அவரோடது. ஸ்கோர் 40-15. இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தா கோப்பை அவருக்கு.

இந்த இடத்துல மேட்சை நிறுத்திட்டு உங்க கையில 100 ரூபாய் கொடுத்தா, யார் மேல போடுவீங்க?

ஃபெடரர் மேலனு சொல்லியிருப்பீங்க. நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனா பெட் போடுறவர் கேட்க வேண்டிய கேள்வி "யார் ஜெயிப்பாங்க?" இல்ல. "இந்த விலை சரியா?" என்பதுதான். விலைன்னு நான் சொல்றது ஆட்ஸை. ஆட்ஸ் 2.00 என்றால் 100 போட்டு ஜெயிச்சா, போட்ட பணத்தோட சேர்த்து 200 திரும்ப வரும். 1-ஐ ஆட்ஸால வகுத்தா, அந்த விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற நிகழ்தகவு கிடைக்கும். ரெண்டு பேரும் சமபலம்னா ரெண்டு பக்கமும் 2.00 தரணும். புக்மேக்கர் உதாரணத்துக்கு 1.90 தருவார். 1-ஐ 1.90-ஆல வகுத்தா 52.6 சதவீதம். ரெண்டு பக்கமும் கூட்டினா 105 தாண்டும். நூறுக்கு மேல இருக்கிற அந்த அஞ்சுதான் அவரோட சாப்பாடு.

இப்போ 40-15க்கு வருவோம். எம்3-ல அரியர் வச்சவங்களும் பயப்படாம படிக்கலாம்.

ஃபெடரர் தன் செர்வ்ல ஒரு பாயின்ட் ஜெயிக்க வாய்ப்பு 2/3 என்று வைப்போம். ரெண்டு பாயின்ட்டையும் அவர் விட வாய்ப்பு 1/9. விட்டாலும் டியூஸ்தான். டியூஸ்ல இருந்து கேமை எடுக்க இதே 2/3-ஐ வச்சு கணக்குப் போட்டா 4/5 வரும். ஆக, 8/9-உடன் 1/9-இல் 4/5 பங்கைக் கூட்டினா 44/45. அந்த கேமும் போய் 8-8 ஆனாகூட மேட்ச் பாதிக்குப் பாதி அவர் கையில இருக்கு. அதனால தோற்கிற வாய்ப்பு 90-ல் ஒண்ணு. கிட்டத்தட்ட 98.9 சதவீதம் ஃபெடரர்தான்.

இந்த நேரத்துல யாராவது 1.01 ஆட்ஸ் கொடுக்கிறாங்கன்னு வைங்க. 100 போட்டா 1 ரூபாய் லாபம். சும்மா கிடக்கிற காசு மாதிரி தெரியும். இதே மாதிரி 90 தடவை போடுங்க: 89 தடவை 1 ரூபாய் வரும், ஒரு தடவை 100 போகும். மொத்தத்துல 11 ரூபாய் நஷ்டம்! 89 தடவை ஜெயிச்சும் நஷ்டம்.

அன்னைக்கு வந்தது அந்த ஒரு தடவை. முதல் பாயின்ட்ல ஃபெடரரோட ஃபோர்ஹேண்ட் வெளிய போச்சு. அடுத்ததுல நெட்டுக்கு வந்தவரைத் தாண்டி ஜோகோவிச் குறுக்கால ஒரு ஃபோர்ஹேண்ட் அடிச்சார். கேமும் போச்சு. 12-12ல டை-பிரேக், அந்த வருஷம்தான் விம்பிள்டன்ல வந்த விதி. 4 மணி 57 நிமிஷம் ஆடி ஜோகோவிச் ஜெயிச்சார்: 7-6, 1-6, 7-6, 4-6, 13-12.

என் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். எதிர்ல நிக்கிறது ரிட்டர்ன்ல கில்லாடியான ஆள். 2/3-க்கு பதிலா 0.6 போட்டுப் பாருங்க. கேமை விடற வாய்ப்பு 45-ல் ஒண்ணுல இருந்து 20-ல் ஒண்ணா ஆயிடும். இன்புட்ல சின்ன மாற்றம், ரிஸ்க் ரெண்டு மடங்கு. அந்த இன்புட் நமக்குச் சரியா தெரியவும் தெரியாது.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்ததுக்குக் காரணம் என் ரூம்மேட். 2025 ஜூன், பிரெஞ்ச் ஓபன் ஃபைனல். நாலாவது செட்ல சின்னர் 5-3, அல்கராஸ் செர்வ்ல 0-40. மூணு சாம்பியன்ஷிப் பாயின்ட். நம்மாளு ஏதோ ஒரு ஆப்ல (தமிழ்நாட்டுல தடை, அது அவனுக்கும் தெரியும்) மெஸ் பில்லுக்கு வச்சிருந்த 4,000 ரூபாயைப் போட்டான். ஜெயிச்சா 200 லாபம். "மச்சி, இது பெட்டே இல்லடா, ஏடிஎம்" என்றான். மூணையும் அல்கராஸ் காப்பாத்தினார். 5 மணி 29 நிமிஷம் கழிச்சு கோப்பையும் அவருக்குத்தான். இன்னொண்ணு: போன்ல நாம பார்க்கிற 'லைவ்' கோர்ட்டை விட சில நொடி பின்னாடி ஓடுது. விலை வைக்கிறவங்களுக்கு ஸ்கோர் நமக்கு முன்னாடியே போயிடும்.

அந்த ஃபைனல்ல மொத்த பாயின்ட்ல சின்னர் 193, அல்கராஸ் 192. 2019லயும் அப்படித்தான்: ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. கேம் கணக்குல 36-32. தோத்தவர்தான் எல்லாத்துலயும் முன்னாடி. ஆனா மூணு டை-பிரேக்கையும் ஜோகோவிச் எடுத்தார். டென்னிஸ்ல எல்லா பாயின்ட்டும் ஒரே எடை இல்ல. "யார் ஜெயிப்பாங்க"ன்னு போட்டவங்களுக்கு ஃபெடரர் காசைக் கரைச்சார். "யார் அதிக கேம் எடுப்பாங்க"ன்னு அதே ஃபெடரர் மேல போட்டிருந்தா, தோத்த மேட்ச்லயே காசு வந்திருக்கும்.

இதை ரூம்மேட் கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அப்போ அடுத்த தடவை கேம்ஸ்ல போடவா?" என்றான். அந்த மாச மெஸ் பில்லை நான்தான் கட்டினேன். இன்னும் 2,500 பாக்கி.