அஞ்சல் துறையின் உள் வலையமைப்பும் மைசூரு மையமும்

அரசுத் துறை ஒன்றின் உள் கணினி வலையமைப்பு பழமையடைவதைப் பொதுமக்கள் நேரில் காண்பதில்லை. கவுண்ட்டருக்கு முன் நீளும் வரிசையையே காண்கின்றனர். அவ்வரிசையில் வீணாகும் மணி நேரங்கள் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. எனினும் அவையும் செலவே.

அஞ்சல் துறையின் அனுபவம் இதற்கு ஏற்ற சான்றாகும். 1990களில் மைசூரு அஞ்சல் பயிற்சி மையத்தில் துறை ஊழியர்களே 'மேகதூத்' என்னும் மென்பொருளை உருவாக்கினர். காளிதாசனின் தூது மேகத்தின் பெயர் தபாலுக்குப் பொருத்தமானதே. ஆயினும் ஒவ்வோர் அலுவலகத்தின் தரவும் பெரும்பாலும் அவ்வலுவலகத்துக் கணினியிலேயே தங்கிற்று.

இக்குறையைப் போக்க 2012இல் மத்திய அமைச்சரவை 4,909 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. தனியார் நிறுவனங்கள் வழியே மையப்படுத்தப்பட்ட ஏற்பாடு அமைந்தது. நாடெங்கும் அலுவலகங்கள் இணைந்தன. இது சிறிய சாதனையன்று. ஆனால், வெளியாரிடம் பெறும் மென்பொருளில் கட்டண விதி ஒன்றை மாற்றுவதற்கும் ஒப்பந்தத்தைப் புரட்ட வேண்டியுள்ளது. முதலீடு ஒரு முறை. சார்பு நிலையோ ஆண்டுதோறும் தொடர்வது.

அடுத்த மாற்றம் மீண்டும் மைசூருவிலிருந்தே வந்தது. அங்குள்ள அஞ்சல் தொழில்நுட்பச் சிறப்பு மையம் 'மேம்பட்ட அஞ்சல் தொழில்நுட்பம்' என்னும் புதிய அமைப்பை உருவாக்கிற்று. 2025 மே, ஜூன் மாதங்களில் கர்நாடக வட்டத்தில் முன்னோட்டம் நடந்தது. கண்ட குறைகள் களையப்பட்ட பின் கட்டம் கட்டமாக விரிந்து, ஆகஸ்ட் 4இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் பயிற்சி பெற்றனர். ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகளையும் 37 லட்சம் பட்டுவாடாக்களையும் அது கையாண்டதாக அரசு அறிவித்தது. ஆகஸ்ட் 9 ரக்ஷாபந்தன்; ராக்கி உறைகள் குவியும் வாரத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் கருத்து.

இதன் அமைப்பு முறையை மாணவர்கள் கவனித்தல் நலம். முழு வேலையும் ஒரே பெரிய பேரேட்டில் எழுதப்பட்டால், ஒரு பக்கத்தைத் திருத்தவும் பேரேட்டையே மூட நேரும். புதிய அமைப்பிலோ பதிவு, கணக்கு, பட்டுவாடா ஆகியவை தனித்தனிச் சிறு சேவைகள். ஒன்றைத் திருத்தும்போது மற்றவை இயங்கலாம். ஊழியர் காணும் திரை மட்டும் ஒன்றே.

இதற்கான சோதனை விரைவில் வந்தது. செப்டம்பர் 1இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலுடன் இணைந்தது. அக்டோபர் 1இல் விரைவுத் தபால் கட்டணம் 2012க்குப் பின் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. கடவு எண் கூறிப் பெறும் பட்டுவாடாவும் மாணவர் சலுகையும் உடன் வந்தன.

நமது அஞ்சலகங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது கிராமங்களில் உள்ளன. கிளை அஞ்சலகத்தில் இணைப்பு அறுந்தால், மணியார்டருக்கு வந்த மூதாட்டி மறுநாளும் நடக்க வேண்டியிருக்கும். திட்டத்தை மதிப்பிடுவோர் தலைமை அஞ்சலகத்தை விட்டு அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மற்றொரு கவலையும் உண்டு. துறைக்குள் மென்பொருள் செய்வோர் அரசு ஊழியர்கள். மாற்றலும் பதவி உயர்வும் அவர்களுக்கும் உண்டு. அவர்கள் எழுதிய நிரல்களுக்குச் செம்மையான குறிப்பேடுகள் இல்லையேல், வெளியாரைச் சார்ந்திருந்த நிலை மாறிச் சில தனிநபர்களைச் சார்ந்திருக்கும் நிலை வரும். அத்தகையோருக்குத் தனிப் பணிநிலை வகுப்பது பற்றிப் பணியாளர் துறை இப்போதே ஆராயலாம்.