புளியமரக் குத்தகையும் கால் ஆப்ஷனும்: ஜவ்வாது மலையின் இளம் நிதி எழுத்தாளருக்கு ஒரு திறந்த மடல்

ஜமுனாமரத்தூரிலிருந்து நிதி குறித்து எழுதத் தொடங்கியிருக்கும் இளம் எழுத்தாளரின் பார்வைக்கு,

'மாதந்தோறும் அறுவடை' என்னும் தலைப்பில் இளம் எழுத்தாளர் எழுதியுள்ள கட்டுரை, ஆப்ஷன்களை விற்று அதில் வரும் பணத்தை மாதாமாதம் பகிர்ந்தளிக்கும் நிதிகளை, பங்குச் சந்தையை எட்ட நின்று மட்டுமே பார்த்திருக்கும் மலைவாழ் வாசகருக்கு விளக்க முற்படுகிறது. பங்கு, பரஸ்பர நிதி, யூனிட், நாள்தோறும் வெளியாகும் நிகர சொத்து மதிப்பு ஆகியவை கட்டுரையாளருக்கும் இம்மடலை வரைபவருக்கும் பழகிய செய்திகளாதலால் அவற்றை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை. கட்டுரையில் இரண்டு இடங்கள் மட்டும் பொறுத்துக்கொள்ள இயலாதவையாக உள்ளன; இம்மடல் எழுந்தது அவற்றின் பொருட்டே.

முதலாவது, புளியமர உவமை. மரத்துக்கு உரியவர் காய் பிடிக்கும் முன்பே கீழ்நாட்டு வியாபாரிக்கு மகசூலைக் குத்தகைக்கு விட்டு முன்பணம் பெறுவதும், பங்கை வைத்திருக்கும் நிதி அதன்மீது கால் ஆப்ஷனை விற்றுப் பிரீமியம் பெறுவதும் ஒன்றே என்று கட்டுரை சொல்கிறது. கால் ஆப்ஷன் என்பது, ஒரு பங்கைக் குறித்த நாளுக்குள் குறித்த விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையாகும். அவ்வுரிமையை வாங்குபவர் கொடுக்கும் பணம் பிரீமியம் எனவும், குறிக்கப்பட்ட விலை ஸ்டிரைக் விலை எனவும் வழங்கும். கையில் பங்கை வைத்துக்கொண்டே இவ்வுரிமையை விற்பதற்குக் கவர்டு கால் என்று பெயர். உவமை மலைக்கு நெருக்கமானதாக இருப்பதால்தான் அதன் பிழை அபாயமானதாகிறது. குத்தகையில் மரத்தின் நன்மை தீமை இரண்டுமே வியாபாரியிடம் சென்றுவிடுகின்றன; காய்ப்புப் பொய்த்தாலும் சந்தையில் புளி விலை சரிந்தாலும் நட்டம் அவருடையது, உரியவரின் முன்பணம் உரியவரிடமே இருக்கும். கவர்டு காலில் ஏற்றம் மட்டுமே கைமாறுகிறது, வீழ்ச்சி முழுவதும் உரியவரின் தலையிலேயே நிற்கிறது.

உவமையைத் திருத்த வேண்டுமானால் ஒப்பந்தத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கும். வியாபாரி ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டு, பங்குனியில் புளி விலை பேசிய விலைக்கு மேலே போனால் பேசிய விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும், கீழே போனால் மலையேறி வரவே போவதில்லை என்றும் சொல்வாரானால், அவ்வாறு விற்காமல் முற்றத்தில் கிடக்கும் புளிக்கு அந்தச் சிறு தொகை ஈடாகுமா என்று ஜவ்வாது மலையில் மரம் வைத்திருக்கும் எவரும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை வாசகர் கேட்கும்படி செய்வதே இத்தகைய கட்டுரையின் வேலை. இளம் எழுத்தாளரின் உவமையோ அக்கேள்வி எழாதபடி வாயை அடைத்துவிடுகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 1,000 ரூபாய்ப் பங்கை வைத்திருக்கும் நிதி, 1,050 ரூபாய் ஸ்டிரைக் விலையில் ஒரு மாதக் கால் ஆப்ஷனை விற்று 20 ரூபாய் பிரீமியம் பெறுகிறது எனக் கொள்வோம். பங்கு அதே இடத்தில் நின்றால் 20 ரூபாய் தெளிந்த ஆதாயம். பங்கு 1,200க்கு ஏறினால் நிதிக்குக் கிடைப்பது 1,070 மட்டுமே. பங்கு 800க்கு விழுந்தால் நிதியிடம் இருப்பது 820. கட்டுரை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. உண்மையான சேதம் அடுத்த மாதத்தில்தான் தொடங்குகிறது. பெற்ற 20 ரூபாயைப் பகிர்ந்தளித்துவிட்ட நிதி, அடுத்த மாதப் பகிர்வுக்காக 800 ரூபாய்ப் பங்கின்மீது 840 ரூபாய் ஸ்டிரைக் விலையில் மீண்டும் ஆப்ஷனை விற்கிறது. சந்தை கலங்கியிருப்பதால் இம்முறை பிரீமியம் 25 ரூபாய். அம்மாதமே பங்கு பழைய 1,000 ரூபாய்க்குத் திரும்பினால், சும்மா வைத்திருந்தவரிடம் 1,000 ரூபாய் இருக்கும். நிதியில் இருந்தவரிடம் 840 ரூபாய் மதிப்புள்ள யூனிட்டும் இரு மாதங்களில் கைக்கு வந்த 45 ரூபாயும் சேர்த்து 885 இருக்கும். பங்கு விழுந்து எழுந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நிதி விழும்போது உடன் விழுந்தது, எழும்போது உடன் எழவில்லை. தொடக்கநிலை முதலீட்டாளர் இத்தகைய நிதியைப் பற்றி ஒன்றே ஒன்றை மட்டும் அறிந்துகொள்ள வாய்ப்பிருக்குமானால், அது இந்த இரண்டு மாதக் கணக்காக இருக்க வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கச் சந்தையில் 2013 டிசம்பரில் தொடங்கப்பட்ட குளோபல் எக்ஸ் நாஸ்டாக் 100 கவர்டு கால் நிதி, தன்னிடமுள்ள பங்குத் தொகுப்பு முழுவதன்மீதும் மாதந்தோறும், அன்றைய சந்தை விலையையொட்டிய ஸ்டிரைக் விலையில், ஆப்ஷன் விற்று வருகிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் சந்தை சரிந்தபோது அதுவும் சரிந்தது. அவ்வாண்டு முடிவில் நாஸ்டாக் 100 குறியீடு ஏறத்தாழ 48 விழுக்காடு உயர்ந்து நின்றபோது, பகிர்ந்தளித்ததையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இந்நிதியின் ஆண்டு ஆதாயம் 10 விழுக்காட்டை எட்டவில்லை. 2022இல் குறியீடு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வீழ்ந்தபோது நிதி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே இழந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிரீமியம் ஒரு மெத்தையாக இருந்தது உண்மைதான். எனினும், தொடக்கத்தில் 25 டாலர் அளவில் இருந்த யூனிட் பத்தாண்டுகளுக்குப் பின் 17 டாலர் அளவில் நின்றது, அதே காலத்தில் குறியீடு நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்தது என்னும் இரண்டு உண்மைகளையும் ஒரே வரியில் வைக்காத எந்தக் கட்டுரையும் முழுமையானதாகாது.

இங்கேதான் இரண்டாவது பிழை வருகிறது. இளம் எழுத்தாளர் சென்ற மாதப் பகிர்வுத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, இன்றைய யூனிட் விலையால் வகுத்து, கிடைத்த விழுக்காட்டை வங்கி வைப்பு வட்டிக்குப் பக்கத்தில் எழுதிவிடுகிறார். யூனிட் 1,000 ரூபாயாக இருந்தபோது மாதம் 10 ரூபாய் கொடுத்த நிதியின் விகிதம் 12 விழுக்காடு. யூனிட் 800 ரூபாய்க்குச் சரிந்து, பகிர்வும் 9 ரூபாயாகக் குறைந்தபின் அதே கணக்கைப் போட்டால் விகிதம் 13.5 விழுக்காடு. முதலும் சுருங்கி, கைக்கு வரும் பணமும் சுருங்கிய பிறகு விளம்பரத்தில் எண் பெரிதாகிறது. இவ்வெண்ணைக் கண்டு புதிதாக வருபவர், முன்பு வந்தவர் இழந்ததைத்தான் தமக்குக் கிடைக்கும் உயர் வருமானமாக எண்ணிக்கொள்கிறார். விழுக்காட்டைத் தனியே அச்சிடக்கூடாது, அதன் அருகே தொடக்க யூனிட் விலையும் இன்றைய யூனிட் விலையும் அச்சிடப்பட வேண்டும் என்பது இம்மடலை வரைபவர் தமிழ் நிதி எழுத்தைப் பற்றி நெடுங்காலமாக வற்புறுத்தி வரும் கோரிக்கையாகும்; அதை மீண்டும் வற்புறுத்துவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே ஒரு பங்கின்மீது ஆப்ஷன் விற்கும் நிதிகளில் இக்குறை இன்னும் முற்றிவிடுகிறது. டெஸ்லா பங்கை அடிப்படையாகக் கொண்டு 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட ஈல்டுமேக்ஸ் நிதி, 2024 பிப்ரவரியில் இரண்டு யூனிட்டுகளை ஒன்றாக இணைத்தது. அப்படி இணைக்கும்போது யூனிட் எண்ணிக்கை பாதியாகி விலை இரட்டிப்பாகும், மொத்த மதிப்பு மாறாது. யூனிட் விலை மிகவும் இறங்கிவிட்ட நிதிகளுக்கே பெரும்பாலும் இதைச் செய்ய நேர்கிறது.

கொடுக்கப்படும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளாத பழக்கத்துக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்திருக்கிறது. 1964இல் யூனிட் டிரஸ்ட் தொடங்கிய யூனிட் 64 திட்டத்தின் டிவிடெண்டு வாரண்ட்டுகள் ஜூன் கணக்கு முடிந்து தபாலில் வரும் நாட்களில், ஆலங்காயத்திலும் போளூரிலும் திருப்பத்தூரிலும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களின் வீடுகளில் நிலவிய நிம்மதியை இம்மடலை வரைபவரின் தலைமுறை நன்கறியும். மகளின் திருமணத்துக்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அந்தக் காகிதமே கணக்காக இருந்தது. அந்த மனிதர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். வாரண்ட்டைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, வங்கிக்குப் போகும் நாளில் சலவை வேட்டி கட்டிச் சென்றவர்கள். அந்த யூனிட்டின் விற்பனை விலையும் மீள்வாங்கும் விலையும் திட்டத்தின் உண்மையான சொத்து மதிப்பின்படி அமையாமல் நிறுவனமே நிர்ணயித்தவையாக இருந்தன என்பதையோ, டிவிடெண்டு ஈட்டியதிலிருந்து வந்ததா சேமிப்பிலிருந்து வந்ததா என்பதையோ அவர்களுக்குச் சொல்வார் இல்லை. 2001 ஜூலையில் விற்பனையும் மீள்வாங்கலும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தப்பட்டன. பின்னர் 3,000 யூனிட்டுகள் வரை யூனிட்டுக்கு 10 ரூபாய் என்னும் அளவில் மீள்வாங்கலுக்கு வழி திறக்கப்பட்டது. அதே 2001 ஜூலையில்தான் தேசியப் பங்குச் சந்தையில் தனிப் பங்குகளின்மீதான ஆப்ஷன் வணிகமும் தொடங்கியது. இன்றைய நிதிகள் தம் சொத்து மதிப்பை நாள்தோறும் வெளியிடுகின்றன, ஆதலால் சரிவை மறைக்க இயலாது. அதை எடுத்துக் காட்டும் எழுத்தாளர் ஒருவர் தேவை என்பது மட்டும் மாறவில்லை.

இந்திய நிலையைப் பற்றிக் கட்டுரை சொல்வது சுருக்கம், ஆனால் பெரும்பாலும் சரி. 2019 ஜனவரியில், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பரஸ்பர நிதிகளுக்குக் கவர்டு கால் எழுத அனுமதி வழங்கியபோது, நிஃப்டி 50, சென்செக்ஸ் பட்டியல்களில் உள்ள பங்குகளின்மீது மட்டுமே எழுதலாம் என்றும், எழுதப்படும் ஆப்ஷன்களின் மதிப்பு திட்டத்தின் பங்குகளுடைய மதிப்பில் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றும் எல்லை வகுத்தது. குறியீட்டு நிதிகளுக்கு அந்த அனுமதியும் இல்லை. ஆகையால் அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற, தொகுப்பு முழுவதன்மீதும் ஆப்ஷன் விற்கும் நிதி இங்கே பரஸ்பர நிதியாக வர இயலாது. பரஸ்பர நிதிகளின் டிவிடெண்டு வாய்ப்பின் பெயரை 2021 ஏப்ரல் முதல் மாற்றி, பகிரப்படும் பணத்தில் முதலீட்டாளரின் சொந்த மூலதனமும் இருக்கலாம் என்பதைப் பெயரிலேயே சொல்ல வைத்ததும் செபியே. அமெரிக்க நிதியை இங்கிருந்து வாங்குபவரின் டிவிடெண்டில் இருநாட்டு வரி ஒப்பந்தப்படி அங்கே 25 விழுக்காடு பிடிக்கப்படும். இங்கே அது மொத்த வருமானத்துடன் சேர்ந்து அவரவர் வரி அடுக்கின்படி வரிக்குள்ளாகி, அங்கே கட்டியதற்குக் கழிவு கிடைக்கும். வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வரிப் படிவத்தில் காட்டவும் வேண்டும். கட்டுரையில் வரி பற்றி ஒரு சொல்லும் இல்லாதது குறையே.

கட்டுரையின் இறுதி வரி, துணிவுள்ளவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம் என்கிறது. அவ்வரியை நீக்கிவிட வேண்டும். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கடுக்காயும் தேனும் சாமையும் விற்றுச் சேர்த்த பணத்தை அந்தக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும் பொறுப்பை ஓர் எழுத்தாளர் ஏற்கக்கூடாது.

இத்தனைக்கும் பிறகும் அக்கட்டுரையின் நான்காம் பத்தியைப் போன்ற ஒன்றைத் தமிழில் நிதி குறித்து எழுதும் பெயர்பெற்றவர்கள் எவரிடமும் இம்மடலை வரைபவர் படித்ததில்லை. பிரீமியம் ஏன் சில மாதங்களில் கூடுகிறது, சில மாதங்களில் குறைகிறது என்பதை, சந்தையின் அச்சம் கூடும்போது உரிமையின் விலையும் கூடுகிறது, ஆகவே பெரிய பகிர்வு வந்த மாதம் பெரும்பாலும் பெரிய அபாயம் இருந்த மாதமே என்று, ஒரு சூத்திரமும் இல்லாமல், ஒரு சொல்லும் மிகாமல், அப்பத்தி சொல்லி முடித்துவிடுகிறது. வணிகவியல் மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படித்தும் பிடிபடாதது அங்கே ஆறு வாக்கியங்களில் தெளிகிறது. அது பாடநூலில் இடம்பெறத் தக்க உரைநடை. இத்தகைய ஆற்றல் வாய்த்தவர் ஒரு தவறான உவமையோடு நிறைவடைந்துவிட்டதே இம்மடலின் கடுமைக்குக் காரணம்.

கட்டுரையைச் சிறுநூலாக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவருவதால், சில வேண்டுகோள்கள். மாத வருமானம் தேவைப்படும் ஓய்வுபெற்ற வாசகருக்கு, மைய அரசின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம் என்பதையும், அஞ்சலக மாத வருமானத் திட்டம் இருப்பதையும் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டு, அவற்றுக்கு மேல் ஆப்ஷன் நிதி எதைத் தருகிறது, எதை எடுத்துக்கொள்கிறது என்று தொடங்குவது பொருத்தமாகும். வளர்ச்சி வாய்ப்பில் உள்ள சாதாரணக் குறியீட்டு நிதியிலிருந்து மாதந்தோறும் சில யூனிட்டுகளை விற்றுப் பணம் எடுக்கும் முறையையும் அடுத்தபடியாக வைத்து, அம்முறையில் சந்தை மீளும்போது மீதமுள்ள யூனிட்டுகள் முழுவதும் மீள்கின்றன என்பதை மேற்சொன்ன இரண்டு மாதக் கணக்கைக் கொண்டே காட்டலாம். சந்தை பல ஆண்டுகள் ஏறாமலும் இறங்காமலும் கிடக்குமானால் ஆப்ஷன் நிதியே முந்தும். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். குத்தகைப் பக்கத்தை நீக்க வேண்டியதில்லை. வியாபாரி மலையேறி வராத ஆண்டை அதில் சேர்த்து, முற்றத்தில் தங்கிவிட்ட புளியின் அன்றைய விலையையும் பெற்ற தொகையையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவிட்டால் அப்பக்கம் சரியாகிவிடும். திருத்திய படி அச்சுக்குப் போகும் முன் எண்களைச் சரிபார்க்க ஒருவர் தேவைப்பட்டால், அவ்வேலையை இம்மடலை வரைபவர் மகிழ்ச்சியுடன் ஏற்பார்.