கவுன்சலரிடம் பதிவு எண் கேட்பது தவறா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் 20 வயது மகள், பதற்றக் கோளாறுக்காக மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டுவருகிறாள். கூடவே கவுன்சலிங்கும் தேவை என்று, ‘சைக்காலஜிஸ்ட், சைக்கோதெரபிஸ்ட்’ எனப் பலகை வைத்திருக்கும் ஒருவரிடம் அனுப்பினோம். ஒரு முறைக்கு 1,500 ரூபாய். இப்போது மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார். பதிவு எண் கேட்டால், “கவுன்சலிங்குக்கு லைசென்ஸ் எல்லாம் தேவையில்லை” என்கிறார். இது சரியா? யாரிடம் போவது?
– வாசகி, திருச்சி

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டுவதற்கு உரிமம் கட்டாயம் என்ற விதி இன்றுவரை நம் நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. வார இறுதிப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரும் பல ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற்றவரும் அதே சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் பதிவு எண்ணைக் கேட்டே ஆக வேண்டியதும் அதனால்தான். ஒருவர் கெட்டிக்காரரா என்பதைப் பதிவு எண் சொல்லிவிடாது. அவர் தவறினால் கூப்பிட்டு விசாரிக்க ஓர் அமைப்பு இருக்கிறதா என்பதைச் சொல்லும். சிகிச்சைக்கு ஆள் தேடும் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மனநலத் துறையில் இருப்பவர்களைச் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை. எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்து, மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவர் மனநல மருத்துவர். நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர் அவரே. அடுத்து, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலாளர். உளவியலில் முதுகலைப் பட்டத்தோடு, மேற்பார்வையில் இரண்டாண்டு முழுநேர மருத்துவப் பயிற்சி கொண்ட எம்.ஃபில்., அல்லது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த வேறு தகுதி இவருக்கு வேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் இவருக்கு ஓர் எண் இருக்கும், அதைத்தான் சி.ஆர்.ஆர். எண் என்கிறார்கள். அந்தப் பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992 இடம் தருகிறது. எம்.எஸ்சி. உளவியல் மட்டும் படித்தவர் நல்ல ஆலோசகராக இருக்கலாம். ஆனால் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இவர்களையும் மனநல சமூகப் பணியாளர்களையும் பதிவுக்குள் கொண்டுவரத்தான் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021 இயற்றப்பட்டது. அதற்கான மாநிலக் கவுன்சில்களும் பதிவேடுகளும் படிப்படியாகவே உருவாகிவருகின்றன. இந்த இடைவெளியில்தான் உங்கள் கவுன்சலர் நிற்கிறார்.

ஆனால் மாத்திரை விஷயத்தில் அவருக்கு எந்த இடைவெளியும் இல்லை. மருந்தைத் தொடங்குவதும் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவத் தொழில். பதிவு பெறாமல் அதைச் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 34-ஆம் பிரிவு. பூனம் வர்மா வழக்கில் (1996), அலோபதி மருந்து கொடுத்த ஒரு ஹோமியோபதி மருத்துவரைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பொருந்தும். தான் பயிலாத மருத்துவ முறையில் சிகிச்சை தருவதே அலட்சியம்; அதைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. ஹோமியோபதியில் தகுதியும் பதிவும் உள்ளவருக்கே அந்த நிலை என்றால், மருத்துவமே படிக்காதவருக்கு என்ன சலுகை இருக்க முடியும்? பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கூடத் தன் துறைக்கு அப்பாற்பட்ட மருந்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு தடுக்கிறது.

“பதிவு பெற்றவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதானே இருக்கிறார்கள், மற்றவர்களையும் ஒதுக்கிவிட்டால் மக்கள் எங்கே போவார்கள்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, கோளாறுகளைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. ஆகவே பதிவில்லாதவரிடம் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தேர்வு பயம், வேலை நெருக்கடி, மணவாழ்க்கைச் சிக்கல் போன்றவற்றுக்கு, முறையாக உளவியல் படித்த ஆலோசகர் போதுமானவராக இருக்கலாம். நோய் என்று கண்டறியப்பட்டு மருந்தும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வாதம் செல்லாது. “பட்டம் இருந்தால் மட்டும் பரிவு வந்துவிடுமா?” என்ற கேள்வியும் உண்டு. வராது. பரிவு இருக்கிறதா என்பதை உங்கள் மகள் இரண்டு மூன்று சந்திப்புகளில் கண்டுகொள்வாள். தகுதியை அப்படிக் கண்டுகொள்ள முடியாது. ஆவணத்தைப் பார்த்தால்தான் தெரியும். எண்ணைக் கேட்பது அவமதிப்பும் ஆகாது. முறையாகப் பதிந்தவர் தயங்காமல் சொல்வார்.

ரகசியத்துக்கும் இதே கணக்குதான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை தரும் நலத்துறையினர் ரகசியம் காக்க வேண்டும் என்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர், அந்தக் கடமை தனக்குப் பொருந்தாது என்று வாதாடப் பார்ப்பார். ஒன்றை நீங்களும் மனதில் வைக்க வேண்டும்: உங்கள் மகள் மேஜர். அவள் பேசியதைச் சட்டம் அனுமதிக்கும் சில சூழல்களில் தவிர, அவள் சம்மதம் இல்லாமல் தாயிடமும் சொல்லக் கூடாது.

முதலில், மாத்திரையைக் குறைக்காமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போங்கள். ஏற்கெனவே குறைத்திருந்தால் உடனே சொல்லுங்கள். மருத்துவ உளவியலாளர் ஒருவரை அவரிடமே கேட்டு, சொல்லும் பெயரை மறுவாழ்வு கவுன்சிலின் இணையதளப் பதிவேட்டில் சரிபாருங்கள். அவசரத்துக்கு அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பழைய கவுன்சலரிடம் கட்டணத்துக்கு ரசீது கேளுங்கள். மாத்திரை பற்றி அவர் வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவை என்பதால், பதிவில்லாவிட்டாலும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் அவர்மீது மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் குறைபாடு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.