குடத்தில் போகும் கறை, பல்லில் போகாத கறை



நம் டிரஸ்ட்டின் மாலை வகுப்புக்கு வரும் ஒரு சிறுமி, சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். அவள் முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகத் திட்டுகள் இருக்கின்றன. “பல்லே விளக்க மாட்டா” என்று உடன் படிக்கும் பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள். அவளுடைய அம்மா உப்பு, சாம்பல், கடைசியில் எலுமிச்சைத் தோல் வரை வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டார். “குடத்துல இருக்கிற கறை எலுமிச்சம்பழத்துல போயிடுது. இது மட்டும் ஏன் போகமாட்டேங்குது?” என்று அவர் எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மாதப் பாடம்.

வெள்ளைக் கறை எப்படி வருகிறது?

நம் பாலக்கோடு பகுதியில் போர் தண்ணீர் பாறை இடுக்குகளில் தங்கி வருகிறது. வரும் வழியில் சுண்ணாம்பு, மக்னீசியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இதைத்தான் நாம் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீர் என்கிறோம். குழாயில் சொட்டிய துளி காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும்; அதிலிருந்த சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடும். ஒரு துளிமேல் இன்னொரு துளி காய்ந்து, சில மாதங்களில் அது கல்லாகிவிடும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில், பக்கெட்டின் விளிம்பில், பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்தின் டைல்ஸில் படிவதெல்லாம் இதுதான்.

கறையின் மேல் இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சிறு குமிழிகள் வந்தால் அது சுண்ணாம்பு. துருவின் நிறத்தில் பழுப்பாக இருந்தால், பெரும்பாலும் தண்ணீரில் உள்ள இரும்புச் சத்து அல்லது பழைய இரும்புக் குழாயின் துரு.

தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும்; சுண்ணாம்பைக் கரைக்காது. சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. கம்பி நாரால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் கீறல்தான் மிஞ்சும். அடுத்த கறை அந்தக் கீறலுக்குள் இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். படகின் அடிப்பகுதியில் நீர்மட்டக் கோட்டில் ஏறும் பழுப்புக் கறையைச் சுரண்டினால் மேல்பூச்சின் பளபளப்பு போய்விடும். அதனால் புளிப்பான மருந்தைப் பூசி, ஊறவிட்டுக் கழுவுகிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

1. எவர்சில்வர் குடம், தண்ணீர் காய்ச்சும் பாத்திரம்: ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (மளிகைக் கடையில் கிடைக்கும்) கரைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். கொட்டிவிட்டு மென்மையான நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கறை கெட்டியாக இருந்தால் மறுநாள் இன்னொரு முறை செய்யுங்கள்.

2. குழாய், ஷவர்: வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பளபளப்பான முலாம் பூசிய குழாயில் இரவு முழுக்க விட வேண்டாம், முலாம் மங்கிவிடும்.

3. டைல்ஸ்: எலுமிச்சை உப்புக் கரைசலைத் தெளித்து, காயவிடாமல் கால் மணி நேரம் வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

4. பித்தளை, செம்பு: நம் பாட்டிமார் வழியே போதும். புளியால் தேய்த்து, உடனே கழுவித் துடைத்துவிடுங்கள்.

5. மார்பிள், மொசைக், சிமெண்ட் தரை: இவற்றில் புளிப்பு எதுவும் படக் கூடாது. இவற்றிலேயே சுண்ணாம்பு இருப்பதால் கறையோடு தரையும் அரித்துப் போகும்.

கறை எடுப்பதைவிட அது வராமல் பார்ப்பது எளிது. சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். துளி காயாத இடத்தில் கறை இல்லை, தண்ணீரும் வீணாகாது.

ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை

இது எங்கள் தவற்றிலிருந்து கற்றது. ரமலானுக்கு முன் ஒளு செய்யும் இடத்தைச் சுத்தம் செய்தபோது, கறை சீக்கிரம் போகட்டும் என்று நம் இளைஞர் ஒருவர் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினார். இன்னொருவர் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினார். அடுத்த நிமிடமே கண் எரிச்சல், தொடர் இருமல், மூச்சுத் திணறல். கதவு திறந்திருந்ததால் எல்லோரும் வெளியே ஓடி வந்து தப்பினோம்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் மனிதர்களைக் கொல்ல ஏவப்பட்டது இதே வாயுதான். எனவே இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். வினிகர், எலுமிச்சை உப்பு ஆகியவற்றோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. தப்பித் தவறிச் சேர்ந்துவிட்டால், எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள். கண்ணைக் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஆசிட்டை ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

பல்லில் இருப்பது வேறு கறை

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். குடத்துக் கறை வெளியிலிருந்து படிவது. அந்தச் சிறுமியின் பல்லில் இருப்பது படிந்த கறையே அல்ல. பல் ஈறுக்குள் உருவாகும்போதே உள்ளே ஏற்பட்ட மாற்றம் அது. அதற்குக் காரணம் தண்ணீரில் உள்ள புளோரைடு.

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பிறந்தது முதல் எட்டு வயது வரை, நிலையான பற்களின் எனாமல் உருவாகும் காலத்தில், அளவுக்கு மேல் புளோரைடு போனால் பல்லில் வெண்மைத் திட்டும் பழுப்புத் திட்டும் விழும். பல வருடங்கள் தொடர்ந்து குடித்தால் பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகி, குனிய முடியாமல் போகலாம்.

அதனால் அந்தப் பிள்ளை பல் விளக்காதவள் அல்ல. எவ்வளவு விளக்கினாலும் அது போகாது. எலுமிச்சையும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தால், இருக்கிற எனாமலும் தேய்ந்து பல் கூசும். சுண்ணாம்பைக் கரைக்கும் அதே புளிப்பு பல்லையும் கரைக்கும். திட்டு மனதை வருத்தினால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைப்பதற்கு அவர்களிடம் வழி உண்டு.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குடத்தில் வெள்ளைக் கறை இருப்பதால் புளோரைடு இருக்கிறது என்று அர்த்தமில்லை. கறை இல்லாததால் புளோரைடு இல்லை என்றும் அர்த்தமில்லை. புளோரைடுக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. சோதித்தால்தான் தெரியும். தருமபுரியில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

வீட்டில் என்ன செய்வது?

இந்தப் பாதிப்புக்காகவே ஜப்பான் நாட்டு நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் வந்தும், நம்மில் சிலர் அதைப் போர் தண்ணீரோடு ஒரே தொட்டியில் கலந்துவிடுகிறோம். குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் எடுத்து, சோறும் டீயும் போர் தண்ணீரில் செய்கிறோம்.

• ஒகேனக்கல் தண்ணீரைத் தனியாகப் பிடித்து, மூடி வையுங்கள்.
• குடிக்க, சமைக்க, டீ போட, குழந்தைக்குப் பால் கலக்க அதையே பயன்படுத்துங்கள். துவைக்க, கழுவ, குளிக்கப் போர் தண்ணீர் போதும்.
• காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதை நீக்காது. ஆர்.ஓ. கருவி குறைக்கும்.
• பள்ளிவாசலிலும் மதரஸாவிலும் பிள்ளைகள் குடிக்கும் குழாய் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று நிர்வாகிகள் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்தச் சிறுமிக்கு மூன்று வயதில் ஒரு தம்பி இருக்கிறான். அவனுடைய நிலையான பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. அக்காவின் பல்லைத் தேய்த்த கைகள், இப்போது தம்பிக்காகத் தனிக் குடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கின்றன. வகுப்பிலும் பிள்ளைகளிடம் இந்தப் பாடத்தையே சொன்னோம். அன்று கேலி செய்தவர்களில் ஒருவன் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தன் பல்லைப் பார்த்திருக்கிறான். அவன் பல்லிலும் அதே திட்டு இருந்தது.