ஆங்கிலப் பெயரும் வினையும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவருட் பலர் விதிகளை நெட்டுருச் செய்தும் எழுதுங்கால் இடறுகின்றனர். காரணம் யாதெனின், அவ்விதிகளைத் தாய்மொழி இலக்கணத்தோடு ஒப்புநோக்கிக் கல்லாமையே. ஆதலின், பெயர், வினை என்னும் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொண்டு சிறிது ஆராய்வோம்.

வேற்றுமை ஏற்பது பெயர். வேற்றுமை ஏலாது காலங்காட்டி நிற்பது வினை. இது தொல்காப்பியர் முதலாய நம் இலக்கணிகள் கண்ட முடிபு. ஆங்கில வினைக்கும் காலமே அடையாளம். பெயரோ வேறுபடுகின்றது. பழைய ஆங்கிலத்திற் பெயர்கள் வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்தன. அவ்வீறுகள் நாளடைவில் தேய்ந்தன. இன்று பெயரில் எஞ்சியது உடைமை குறிக்கும் 'ஸ்' ஒன்றே. 'ஹி', 'ஹிம்' போன்ற பதிலிப் பெயர்களிலேயே பழைய திரிபின் சுவடு காணப்படும்.

உருபு தேயவே, அதன் தொழிலைச் சொல்லின் இடம் மேற்கொண்டது. 'புலி யானையைக் கொன்றது' என்பதை 'யானையைப் புலி கொன்றது' என மாற்றினும் நமக்குப் பொருள் மாறாது. 'ஐ' உருபு காத்து நிற்கின்றது. ஆங்கிலத்திலோ 'தி டைகர் கில்ட் தி எலிஃபண்ட்' என்பதிற் பெயர்களை இடம் மாற்றின், கொன்றது யானையாகிவிடும். எனவே, எழுவாய் வினைக்கு முன்னும் செயப்படுபொருள் பின்னும் நிற்றல் அம்மொழிக்கு இன்றியமையாத வரம்பாகும்.

இனி வினையை நோக்குவோம். 'வந்தான்' என்னும் ஒரு சொல்லே காலம், திணை, பால், எண், இடம் யாவும் உணர்த்தும். 'கேம்' என்பதோ இறந்தகாலம் ஒன்றையே உணர்த்தும். வந்தவர் யாரென அறிய எழுவாய் வேண்டும். நாம் எழுவாயைத் தொக்கவிடும் வழக்கத்தை ஆங்கிலத்திற் கொண்டு செல்லலாகாது. நிகழ்காலத்துப் படர்க்கை ஒருமையில் மட்டும் 'ஹி ரைட்ஸ்' என ஈறு தோன்றும். நம் மாணவர் பெரிதும் மறப்பது இவ்வீற்றையே.

'ஹி டிட் நாட் வென்ட்' என்பது அடிக்கடி காணும் வழு. 'போகவில்லை' என்னுமிடத்துப் 'போக' என்பது காலங்காட்டாது நிற்றலை நினைக. அதுபோல, 'டிட்' என்பதே இறந்தகாலத்தைச் சுமத்தலின், முதல்வினை 'கோ' என இயல்பாய் நிற்கும். 'டஸ்' வருமிடத்தும் இதுவே முறை. 'ஹி டஸ் நாட் ரைட்' என்பதிற் படர்க்கை ஈறு துணைவினைக்குச் சென்றமை காண்க.

பெயரின் எண்ணிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு வீட்டுக் குடங்களில் உள்ளதைத் 'தண்ணீர்கள்' என்று நாம் கூறோம். அங்ஙனமே 'ஃபர்னிச்சர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்' என்பன ஆங்கிலேயரால் தொகுதியாகக் கருதப்படுவன. பன்மை ஈறு பெறா.

ஒரு சொல்லே பெயராயும் வினையாயும் வருதல் வியப்பன்று. நம் 'அடி', 'இடி' என்பன அத்தகையன. ஆங்கிலத்திற் சிலவற்றை ஒலியழுத்தம் பிரித்துக் காட்டும். 'ரெக்கார்ட்' என்பதில் முதலசை அழுந்தின் பெயர், ஈற்றசை அழுந்தின் வினை.

இவ்வாறு நோக்கின், தமிழிலக்கணம் ஆங்கிலக் கல்விக்குத் தடையன்று; திறவுகோலே ஆம். தன்மொழியின் அமைப்பை உணர்ந்தவன் பிறமொழியின் அமைப்பை எளிதில் உணர்வான். ஆதலின், ஆங்கில இலக்கணம் கற்கப் புகும் மாணவர் நன்னூலையும் அருகில் வைத்துக்கொள்வாராக.