நச்சு ஆவியைத் தேட மனிதர் வேண்டாம், ட்ரோன் போகட்டும்

ஹைதராபாத்தின் வடமேற்கே ஜீடிமெட்லா, பொல்லாரம், பட்டான்செரு, பாஷமைலாரம் எனத் தொழிற்பேட்டைகள் விரிந்து கிடக்கின்றன. அங்குள்ள மருந்து ஆலைகளில் டொலுயீன், மெத்தனால், டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்கள் அன்றாடப் புழக்கம். கசிவு என்று சந்தேகம் வந்தால், எங்கே என்று பார்க்க ஒரு தொழிலாளியை உள்ளே அனுப்பக் கூடாது. அந்த வேலையைச் சிறிய ட்ரோன் செய்யும். ஆலைப் பாதுகாப்புக் குழுவினருக்கான வழிமுறை இது.

1. எந்த ஆவி என்று முதலில் முடிவு செய்யுங்கள்
எல்லா சென்சாரும் எல்லாவற்றையும் காணாது. 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குள்ள ஒளி அயனியாக்க சென்சார் டொலுயீன், ஸ்டைரீன், அசிட்டோனைக் காட்டும். மெத்தனாலும் டைகுளோரோமீத்தேனும் அதற்குப் பிடிபடாது, அவற்றுக்கு 11.7 விளக்கு வேண்டும். குளோரின், ஹைட்ரஜன் சல்ஃபைடுக்குத் தனித்தனி மின்வேதி சென்சார்கள் உண்டு. சென்சார் தவறானால், திரையில் தெரியும் பூஜ்யம் ஆளைக் கொல்லும்.

2. வான்வெளியைச் சரிபாருங்கள்
2021 ட்ரோன் விதிகளின்படி 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தைப் பாருங்கள். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டியதில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 200 அடிதான். துண்டிகல் விமானப்படைத் தளமும் பேகம்பேட்டை விமான நிலையமும் இந்தப் பேட்டைகளுக்கு அருகில் இருப்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

3. உறிஞ்சு குழாயை வெளியே நீட்டுங்கள்
ட்ரோனின் இறக்கைகள் மேலிருக்கும் காற்றை இழுத்துக் கீழே தள்ளும். வயிற்றுப் பகுதியில் கட்டிய சென்சார் அந்த மேல்காற்றைத்தான் அளக்கும். எனவே, இறக்கை வீச்சைத் தாண்டி நீளும் தண்டில் டெஃப்லான் குழாயைப் பொருத்தி, சிறு பம்பு மூலம் காற்றை உறிஞ்சுங்கள்.

4. அளவீட்டைச் சரிசெய்யுங்கள்
ஒளி அயனியாக்க சென்சாரைச் சுத்தமான காற்றில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஐசோபியூட்டிலீன் வாயுவால் சோதியுங்கள். தேடும் ஆவிக்குரிய திருத்தக் காரணியையும் பதியுங்கள்.

5. மெதுவாகப் பறக்க விடுங்கள்
நீங்கள் காற்று வரும் பக்கம் நில்லுங்கள். ட்ரோன், காற்று போகும் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போகட்டும். சென்சார் விழித்துக்கொள்ளச் சில நொடிகள் ஆகும். வேகம் கூடினால் கசிவிடம் தவறும். கரைப்பான் ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. வடிகால், தொட்டிப் பள்ளம் ஆகியவற்றை மேலிருந்து படிப்படியாக இறங்கிப் பாருங்கள். குளிர்கால விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து ஆவியையும் அங்கேயே பிடித்துவைக்கும். நண்பகல் அளவை மட்டும் நம்பாதீர்கள்.

6. திரும்பும் எல்லையை வகுத்துவிடுங்கள்
சாதாரண ட்ரோனின் மோட்டாரும் பேட்டரியும் தீப்பொறிக்குக் காரணமாகலாம். டொலுயீன் ஆவி காற்றில் சுமார் 1.1 சதவீதம், அதாவது 11,000 பி.பி.எம். ஆனாலே தீப்பிடிக்கும். அதில் பத்தில் ஒரு பங்கான 1,100 வந்ததும் ட்ரோனைத் திருப்புங்கள்.

7. எண் வந்ததும் யார் என்ன செய்வது?
2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். அபாயச் சங்கு ஒலிக்கவே இல்லை என்று மாநில அரசின் உயர்மட்டக் குழு கண்டறிந்தது. எந்த அளவில் சங்கை ஒலிப்பது, யார் வால்வை மூடுவது, யார் 112-ஐ அழைப்பது, அக்கம்பக்க ஊராரை எந்தத் திசைக்கு அனுப்புவது என்பதை எழுதி, பெயர் குறித்து, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுங்கள். இந்தத் தாள் தயாரான பிறகே ட்ரோனை வாங்குங்கள்.